ஏழாவது கம்பியும் டிசம்பர் லிஸ்டும்

வாங்காதீர்கள். அவ்வளவுதான். காபி வருகிறது, குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என்ன பார்க்கிறீர்கள்? கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். உங்கள் மகள் ஆறு வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறாள். எல்லோரையும் போல ஆறு கம்பி. காலேஜில் சேர்ந்ததும் ஏழு கம்பி வைத்த கிட்டார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அது நிலைக்கிற சரக்கா, நாலு நாள் ஃபேஷனா என்று உங்களுக்குச் சந்தேகம். தூத்துக்குடியில் யாரிடமோ விசாரித்திருக்கிறீர்கள், கஸ்பார் மச்சாடோவைக் கேள் என்று அனுப்பிவிட்டான். வந்தீர்கள். ஃபேஷன். வாங்காதீர்கள்.

காரணம் வேறு வேண்டுமா? உப்பளத்தில் சூப்பர்வைசர் என்றீர்கள். வெயில் அடித்தால் உப்பு விளைகிறது. அதனிடம் காரணம் கேட்கிறீர்களா?

எஸ்கலின், ஒரு காபியில் சீனி குறைத்துப் போடு. சாருக்கு இல்லை, எனக்கு.

சரி, சொல்கிறேன். நடுவில் பேசாதீர்கள்.

நான் சிப்பி மெலடீஸ் என்கிற கச்சேரி குரூப்பில் பாஸ் கிட்டார். நாற்பத்தேழு வருஷம். கல்யாணம், கோயில் திருவிழா, கிறிஸ்மஸ், எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். பாஸ் என்றால் நாலு கம்பி. தடித்த கம்பி. கச்சேரியில் ஒருவனும் அதைக் கவனித்துக் கேட்க மாட்டான். நிறுத்திப் பாருங்கள், என்னமோ குறைகிறதே என்று அத்தனை பேரும் தலையைத் திருப்புவார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் எங்கே என்று யார் தேடுகிறார்கள்? அந்த மாதிரி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர். பனிமய மாதா திருவிழா முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்கள் லீட் கிட்டார்க்காரன் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான். லீடர் இன்னாசி ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான். ரொவீனா வாஸ். இருபத்து மூன்று வயசு. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. தோளில் கிட்டார்ப் பை. பையைத் திறந்து கிட்டாரை எடுத்தாள். நான் முதலில் தலைப்பக்கம்தான் பார்ப்பேன், பழக்கம். கம்பியை முறுக்குகிற கீ இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் மூன்று.

“ஏம்மா, ஒண்ணு கூட இருக்கு” என்றேன்.

“ஆமா அங்கிள். ஏழு கம்பி.”

“கடைக்காரன் கொசுறு போட்டானோ?”

பாட்ஷா, எங்கள் டிரம்ஸ்காரன், குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, “கொத்தமல்லி தாங்கன்னுதான் கேட்டேன் அங்கிள். தீந்துட்டு, கம்பிதான் இருக்குன்னுட்டாரு” என்றாள்.

வாய். அன்றைக்கே தெரிந்துவிட்டது.

“அண்ணே, சும்மா இரிங்க. பிள்ள வாசிக்கட்டும்” என்றான் இன்னாசி. அவனுக்குப் பெயர் வைத்த விருந்துக்கே நான் வாசித்திருக்கிறேன். அவன் அப்பா குரூப் அது. இப்போது எனக்குச் சும்மா இரிங்க.

வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. வாசித்துக்கொண்டே அந்த ஏழாவதைத் தட்டினாள் பாருங்கள், அங்கேதான் விவகாரம். சாதாரணக் கிட்டார் ஓர் இடத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே, கனத்த சுருதிக்கு இறங்க வழி கிடையாது. கீழே இருப்பது என் வீடு. நாற்பது வருஷமாக நான் தனியாகக் குடியிருந்த வீடு. அவள் கதவைக்கூடத் தட்டவில்லை. நேராக அடுக்களைக்குள் வந்து நின்று சட்டியைத் திறந்து பார்க்கிறாள்.

“மூணு மாசம்” என்றேன். “அதுக்கப்புறம் அந்தக் கம்பியக் கழத்தித் துணி காயப் போடப் போறே.”

“உங்க வேட்டி தாங்கும் அங்கிள். நல்ல தடி” என்றாள்.

நான் பார்க்காத ஃபேஷனா, சார்? தலையே இல்லாத கிட்டார் ஒன்று வந்தது. டெலிவரியில் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். முக்கோணக் கிட்டார் வந்தது. உட்கார்ந்து வாசித்தால் தொடையிலிருந்து வழுக்கிக் கீழே போகும். இரட்டைக் கழுத்துக் கிட்டாரை இன்னாசியின் அப்பா ஆசை ஆசையாக வாங்கினார். ஒரு சீசன் மாட்டினவனுக்கு இடுப்பு போய், மூன்று மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தான். கழுத்தில் தொங்கவிடுகிற கீபோர்ட் வந்தது. எல்லாம் எங்கே? எங்கள் ரிகர்சல் ரூம் பரணில். இந்த ஏழு கம்பிக்கும் அந்தப் பரணில் ஓர் இடம் ஒதுக்கினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, முக்கோணத்தைக் கொஞ்சம் நகர்த்தி, தூசி தட்டி வைத்தேன்.

இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அதை விடுங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். சில பார்ட்டிகள், “சின்ன ஹால்தான், அஞ்சு பேர் வந்தா போதும்” என்பார்கள். அப்போது ஆள் குறைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. எல்லா மெலடி குரூப்பிலும் அதே வரிசைதான். முதலில் தபேலாவை விடுவார்கள். அடுத்தது இரண்டாவது பாடகர். பாஸில் கை வைக்க மாட்டார்கள். வைத்தால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். லீட் கிட்டார் கீழே இறங்காது, யார் தாங்குவது? அதனால் நான் எப்போதும் வேனில் ஏறிவிடுவேன். ஜன்னல் ஓர சீட்.

அவள் வந்தாள். வரிசை மாறிவிட்டது.

ஒரு வீட்டில் பிள்ளைக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். சின்ன விருந்து. முதல் நாள் இன்னாசி போன் பண்ணுகிறான். “அண்ணே, நாளைக்கு உங்களுக்கு ரெஸ்ட்.”

“எனக்கு என்னலே காய்ச்சலா?”

“அதில்லண்ணே. அஞ்சு பேர்தான் கேக்காங்க. ரொவீனா அடியையும் சேத்துப் பாத்துக்கிடும்.”

அடி என்றால் பாஸ், என் வேலை. அடியையும் சேர்த்து. எப்படி இருக்கிறது? அடுத்த வாரம் ஒரு வீடு கிரகப்பிரவேசம். அதற்கும் ரெஸ்ட். நான் இங்கே இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி மீன் கழுவிக்கொண்டே சொல்கிறாள்: “நாலு கம்பிய வச்சு நாப்பது வருசம் ஓட்டினிய. அந்தப் பிள்ள ஒத்தக் கம்பியில உங்கள வீட்ல உக்கார வச்சிட்டு, பாத்தியளா.”

இந்தா, காபி கொடுக்கிறாளே, இவள்தான். சிரிக்கிறாள் பாருங்கள்.

சும்மா ரெண்டு பார்ட்டி போனால் போகிறது. டிசம்பர் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் விஷயம். கேரல், கிறிஸ்மஸ் விழா, நியூ இயர், பின்னாடியே கல்யாணங்கள். எங்களுக்கு அந்தச் சீசன்தான் சீசன். நவம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் இன்னாசி ஒரு பேப்பரில் எழுதி ரிகர்சல் ரூம் கதவில் ஒட்டுவான். எந்தக் கச்சேரிக்கு யார் யார் என்று. பேர் இருந்தால் ஆள் இருக்கிறான். பேர் இல்லையென்றால் முடிந்தது. யாரும் போ என்று சொல்ல மாட்டார்கள். ஜனவரியில் போன் வராது, அவ்வளவுதான். எத்தனை பேர் அந்தக் கதவு முன்னால் நின்று படித்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனதைப் பார்த்திருக்கிறேன். ஏறி மிதிக்கக்கூடத் தோன்றாது அவர்களுக்கு.

“என்னலே, லிஸ்ட் எழுதியாச்சா?” என்று கேட்டேன்.

“அக்டோபர் கடைசில ரிசப்ஷன் ஒண்ணு இருக்குல்லாண்ணே. அது முடியட்டும். பாத்துட்டு எழுதுவோம்.”

எதைப் பார்த்துவிட்டு? பிறந்ததிலிருந்து என்னைப் பார்க்கிறான்.

அந்த ரிசப்ஷனில் நான் செய்தது தப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். சாமியார் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து, பரிகாரம் கொடுக்க மறந்துவிட்டார். ஆகவே அது இன்னும் கணக்கில் தீரவில்லை.

பீச் ரோட்டில் பெரிய ஹால். விசைப்படகு வைத்திருக்கிற குடும்பம். ஆயிரம் பேர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம். நாலரைக்கெல்லாம் மைக், ஸ்பீக்கர் எல்லாம் சரி பார்த்தாகிவிட்டது. அவள் தன் கிட்டாரை மெஷின் வைத்துச் சுருதி சேர்த்து ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள். மற்றவர்கள் பின்பக்கம் போண்டா தின்னப் போனார்கள். மேடையில் நான், என் பாஸ், அந்த ஏழு கம்பி.

என் திட்டம் ரொம்பச் சின்னது. ஏழாவதின் கீயைக் கொஞ்சம் தளர்த்திவிடுவது. எந்த நோட்டுமில்லாமல் இரண்டுங்கெட்டானாக விட்டுவிடுவது. அவள் அதைத் தட்டுவாள், நாய் கொட்டாவி விட்ட மாதிரி ஒரு சத்தம் வரும், ஆயிரம் பேர் முன்னால். இன்னாசிக்குப் புரியும், அடியை யார் பார்க்க வேண்டும் என்று. யாருக்கும் காயம் இல்லை. கம்பியை அறுக்கவில்லை, உடைக்கவில்லை. அரைச் சுற்று.

சுற்றினேன். கம்பி இறங்கியது. இரண்டுங்கெட்டான் இடம் வந்தது. நிறுத்தலாம். கை நிற்கவில்லை, சார்.

நாற்பது வருஷம் கம்பியைச் சுருதியில் நிறுத்திப் பழகின கை. பிசகான இடத்தில் விட்டுவிட்டு வா என்றால் வரமாட்டேன் என்கிறது. எச்சில் இலையில் சாப்பிடச் சொன்ன மாதிரி அதற்கு ஓர் அருவருப்பு. நான் இழுக்கிறேன், அது கீயை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்குகிறது. மற்றக் கையால் என் பாஸின் மூன்றாவது கம்பியைத் தட்டுகிறேன், அது ஏ நோட்டு. அதே கையால் உடனே அவளுடைய ஏழாவதைத் தட்டுகிறேன். இரண்டும் ஒன்றோடொன்று உரசி ஊம் ஊம் என்று அலை அடிக்கிறது. அலை மெதுவாகிறது. இன்னும் மெதுவாகிறது. நின்றது. இரண்டு கம்பியும் ஒரே குரல். அப்புறம்தான் கை கீயை விட்டது.

இருக்க வேண்டிய பி நோட்டிலிருந்து ஒரு முழுப்படி கீழே, சுத்தமான ஏ. சரி, சுருதியில் இருந்தாலும் இடம் தப்புதானே, அது போதும் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டு நானும் போண்டா தின்னப் போனேன். ஆறிப்போயிருந்தது.

ஆறு மணி. மாப்பிள்ளை பெண் மேடைக்கு வருகிறார்கள். ஆரம்பம் ஒரு வாத்திய உருப்படி, நல்ல குத்து. மேல் கம்பிகளில் அவள் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் சறுக்கு மரத்தில் இறங்குகிற மாதிரி இறங்கி ஏழாவதைத் தட்டினாள். தப்பு நோட்டு. டங்.

அந்த ஒரு விநாடி, சார். கோடைக்கு சர்பத் குடித்த மாதிரி.

ஒரு விநாடிதான். அவள் கம்பியைக் குனிந்து பார்த்தாள். விரலை எடுத்துவிட்டு வெறும் கம்பியைத் தட்டிப் பார்த்தாள். பாட்டும் ஏ மைனர், கம்பியும் ஏ. பொருந்திவிட்டது. அவள் புருவம் மேலே போனது. அடுத்து ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து, தடித்த கம்பிகள் மூன்றையும் சேர்த்து அடித்தாள். முன்னால் அந்தக் கனத்துக்கு மூன்று விரல் வேண்டும், இடம் மாற்ற நேரம் பிடிக்கும். இப்போது ஒரு விரல். இங்கே அடித்தால் இங்கே, அங்கே சறுக்கினால் அங்கே. பந்தி நடக்கிற இடத்தில் பிரியாணி அண்டாவின் மூடி கிடுகிடுவென்று ஆடியதாகச் சமையல்காரர் பிறகு சொன்னார். விசைப்படகுக்காரர்கள் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றினார்.

நான் என்ன ஆனேன் என்று கேளுங்கள். அவள் நிற்கிற அதே ஏ-யில் நானும் நிற்கிறேன். ஒரே சட்டையை இரண்டு பேர் போட்டுக்கொண்ட மாதிரி. யாராவது ஒருவர் நகர வேண்டும். கீழே அவள் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள், விழாது. சரி என்று நான் மேலே போனேன். பாஸின் மேல் கட்டைகளுக்கு நான் போனதே இல்லை. போனால் கீழே யார் இருப்பது? என் பாஸில் அந்தப் பக்கம் தேய்மானமே கிடையாது, புதுசாக இருக்கும். அங்கே போய் அவளுடைய ஒரு துண்டை எடுத்துத் திருப்பி வாசித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு துண்டு போட்டாள். அதற்கும் பதில் கொடுத்தேன். வேறு வழி? சும்மா நிற்க முடியுமா?

“லேய், அந்தத் தாத்தாவப் பாருலேய்!” என்று ஒருவன் கத்தினான். விசில். நாற்பது வருஷத்தில் பாஸுக்கு விசில்.

அந்த ரிசப்ஷன் வீடியோவில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது போல இருக்கும். லைட்காரன் கண்ணில் அடித்துவிட்டான், அதனால் முகம் அப்படிச் சுருங்கிப்போனது. எஸ்கலினிடம் சொன்னால் நம்ப மாட்டாள்.

உருப்படி முடிந்தது. கைதட்டு ஓயவில்லை. அவள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். “என் கிட்டாரத் தொட்டது யாரு?”

நான் என் பாஸின் வாரைச் சரிசெய்தேன்.

“தானா இறங்கியிருக்கும்” என்றேன். “ஏசி குளிருல்லா.”

“குளிருக்குக் கம்பி ஏறும் அங்கிள். இறங்காது.”

“புதுக் கம்பியா இருக்கும். இழுபடும்.”

“மாட்டி ஒரு மாசம் ஆச்சு.” பேசிக்கொண்டே சுருதி பார்க்கிற சின்ன மெஷினைக் கிட்டாரின் தலையில் கவ்வவைத்துக் கம்பியைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. “பாருங்க. முள்ளு நட்டநடுவுல நிக்கி. ஒரு இம்மி அங்க இங்க இல்ல. மெஷின் இல்லாம, வெறும் காத வச்சே இப்படி நிறுத்த இந்த மேடையில எத்தன பேரால முடியும்?”

பாட்ஷா கூரையைப் பார்த்தான். இன்னாசி என்னைப் பார்த்தான்.

திருடப் போன வீட்டில் பேரும் விலாசமும் எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் பிசகாக விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். கை விடவில்லையே.

அவள் மெஷினைக் கழற்றினாள். அப்புறம் மைக்கிலிருந்து கையை எடுத்தாள். “இப்ப கேட்டீங்கல்லா அந்த சவுண்டு, அது நம்ம கஸ்பார் அங்கிள் எனக்காகவே யோசிச்சு, அவர் கையால சுருதி இறக்கித் தந்தது. அவருக்கு ஒரு பெரிய கைதட்டு!”

ஆயிரம் பேர் தட்டினார்கள். மாப்பிள்ளை வந்து கை கொடுத்தார். நான் முன்னால் வந்து குனிந்தேன். அந்த மாதிரிக் குனிவு என் எதிரிக்கும் வரக் கூடாது.

கச்சேரி முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது பக்கத்தில் வந்தாள். “அங்கிள், லீடர்கிட்ட நெசத்தச் சொல்லிரவா?”

“என்ன நெசம்?”

“சரி, ஒண்ணுமில்ல. அப்ப எனக்கு ரெண்டு காரியம் நடக்கணும். சின்னப் பார்ட்டியோ பெரிய பார்ட்டியோ, இனிமே நீங்க இல்லாம நான் ஏற மாட்டேன். நான் கீழ நிக்கும்போது நீங்க மேல போகணும், இன்னைக்குப் போனிய பாருங்க, அப்படி. ரெண்டாவது, என் ஆம்ப்ளிஃபயர் பெட்டிய நீங்கதான் தூக்கணும்.”

“என் வயசு என்னன்னு தெரியுமா பிள்ள ஒனக்கு?”

“மேல ஏறும்போது தெரியலயே!”

அதற்குள் வந்துவிட்ட இன்னாசி காதில் முதல் காரியம் விழுந்திருந்தது. “அதெப்படிம்மா, சின்னப் பார்ட்டிக்கு அஞ்சு பேர்தான கேப்பாங்க?” என்றான்.

“அப்பக் கீபோர்ட விட்டுருவோம் லீடர்.”

கீபோர்ட் வாசிப்பது லீடர்தான், சார். பாட்ஷா வேனுக்குப் பின்னால் போய்ச் சிரித்தான், வேன் குலுங்கியது.

நவம்பர் முதல் ஞாயிறு கதவில் பேப்பர் ஒட்டினான். பதினொரு கச்சேரி. பதினொன்றிலும் என் பேர். தபேலாவுக்கு மூன்றுதான். பதினொரு தடவை அந்த ஆம்ப் பெட்டியை நான் ஏற்றி இறக்கினேன். பெட்டியா அது? பீரோ. என் குற்றச்சாட்டு அதுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கம்பி வாங்கினால் பெரிய ஆம்ப் வேண்டும், இல்லையென்றால் கீழ்ச் சத்தம் பொரபொரவென்று கிழியும். வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

அதற்கப்புறம் எட்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. குத்துக்கு ஏழாவது. தாலாட்டுக்கும் ஏழாவது, மெதுவாக, தம்புரா மாதிரி விட்டுவிட்டு. கோயிலில் நற்கருணைப் பாட்டுக்கு அதைத் தொட்டாள், பங்குச் சாமியார் ஆர்கன் எப்போது வாங்கினோம் என்று சபையில் விசாரித்தார். வேறு இரண்டு குரூப்பிலும் ஏழு கம்பி வாங்கிவிட்டார்கள். ஃபேஷன்தான். மெதுவாகப் போகிற ஃபேஷன்.

சுவரில் என்ன எண்ணுகிறீர்கள்? ஆமாம், என் பாஸ்தான். ஆமாம், ஐந்து கம்பிதான். நாலு என்று சொன்னேன், அது பழையது. அவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டுக் கம்பி ஒன்று வாங்கினாள். அவள் இன்னும் கீழே இறங்கினால் நானும் கொஞ்சம் இறங்கி இடம் பார்க்க வேண்டாமா? இது தேவைக்கு வாங்கியது. தேவை வேறு, ஃபேஷன் வேறு.

போன ஜூனில் அவளுக்குக் கல்யாணம் ஆகி மஸ்கட் போய்விட்டாள். எட்டைக் கொண்டுபோனாள். ஏழு கம்பியை இங்கே விட்டுவிட்டுப் போனாள், விமானத்தில் இரண்டு கொண்டுபோக முடியாதாம். உள் அறையில் இருக்கிறது. சும்மா போட்டால் கழுத்து வளைந்துவிடும், அதனால் தினமும் சுருதி சேர்த்து வைக்கிறேன். சேர்ந்துவிட்டதா என்று கொஞ்சம் வாசித்துப் பார்க்கத்தானே வேண்டும்.

ஒரு மணி நேரம் என்கிறாளா? எஸ்கலின் உள்ளேயிருந்து கத்துகிறாள் பாருங்கள். பொய். முக்கால் மணி.

இன்னாசி இப்போது ஒரு பையனைப் பிடித்திருக்கிறான். ஆறு கம்பி. “அண்ணே, அடிய நான் கீபோர்ட்ல எடது கையிலயே போட்டுக்கிடுதேன். உங்களுக்கும் அறுபத்தெட்டு ஆச்சுல்லா. லிஸ்டு எழுதும்போது பாப்போம்” என்கிறான். பார்க்கட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. இடது கையில் போடுகிறானாம். பொம்மைக் கார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு மேல் ஆறு கம்பி. அந்தப் பையன் நல்லவன்தான், ஆனால் கீழே தாங்க மாட்டான். அவனோடு ஏறினால் நான் மறுபடியும் அஸ்திவாரத்திலேயே நிற்க வேண்டும். மேலே போக முடியாது. அதுவும் ஏறவிட்டால்தான். லிஸ்ட் ஒட்ட இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது.

என்ன, எழுந்துவிட்டீர்கள்?

“சரிங்க, வாங்கல” என்கிறீர்களா? ஒரு கிழவன் சொன்னால் உடனே கேட்டுவிடுவதா? என்ன அப்பா நீங்கள்? இவ்வளவு நேரம் எதைத்தான் கேட்டீர்கள்? உட்காருங்கள். காபி பாதி இருக்கிறது.

பரணில் கிடக்கிறதே, முக்கோணம், தலையில்லாதது, அதெல்லாம் உருவம் மாற்றினவை. பார்க்க வேடிக்கை. வாசிக்கிறவன் கைக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இது அப்படி இல்லை. போக முடியாத இடத்துக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. ஒரு தடவை போய் வந்தவள் ஆறோடு நிற்க மாட்டாள். உங்கள் மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்றால் எங்கேயோ வாசித்துப் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். என்ன பண்ணினாலும் விட மாட்டாள். இதை நான் புகழ்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயைச் சொன்னேன்.

வாங்குவதானால் கம்பியின் நீளம் பார்த்து வாங்க வேண்டும். குட்டையாக இருந்தால் ஏழாவது தொளதொளவென்று கயிறு மாதிரி தொங்கும். கழுத்து அகலம் அவள் கைக்கு ஒத்துவருகிறதா என்று பிடித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள், அடிப்பேன். அதற்குத்தான் வாங்காதீர்கள் என்றேன். வாசிக்க வேண்டாம் என்று எங்கேயாவது சொன்னேனா? உள்ளே ஒன்று இருக்கிறதே. இந்த ஞாயிறு பூசை முடிந்து ரிகர்சல். அவளைக் கூட்டி வாருங்கள், பிடித்துப் பார்க்கட்டும். இன்னாசி அங்கேதான் இருப்பான், அவன் காதில் விழுந்தால் விழட்டும், அதைப் பற்றி எனக்கென்ன.

ஆம்ப்பா? அதை நான் தூக்கிக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் மகளுக்கு டிசம்பரில் பரீட்சை ஏதும் இல்லையே?